நகச்சொத்தை பச்சிலைக்குக் கேட்குமா?

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மழைக்காலம் முழுக்க கம்பூட்ஸ் கழற்றாதவர்கள், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் ஈரத்திலேயே நிற்பவர்கள் என்று நகச்சொத்தை என்னும் பூஞ்சைத் தொற்றோடு வருபவர்களுக்குக் குறைவில்லை. கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனி சுண்ணாம்புபோல் உதிரும். “மாத்திரைக்குக் கேட்கல டாக்டர், இப்போ பச்சிலைதான்” என்பார்கள்.

எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பத்து நாள், பதினைந்து நாள் என்று பதில் வரும். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையைத் தினமும் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தியதை மருந்து எதிர்ப்புக் கணக்கில், அதாவது பூஞ்சை மருந்துக்கு அசையாமல் போவதில், சேர்க்க முடியாது. நிஜமான எதிர்ப்பும் இருக்கிறது. டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்ற பூஞ்சை, டெர்பினாஃபின் தாக்கும் நொதியின் மரபணுவே மாறிப்போய், நம் நாட்டில் வேகமாகப் பரவியிருக்கிறது. தோலில் படையாகத்தான் அதிகம் பார்க்கிறோம். சிலருக்கு நகத்திலும் வரும்.

இங்கேதான் தாவர எண்ணெய்கள் மேல் ஆசை வருகிறது. அந்த ஆசையில் நியாயமும் உண்டு. டீ ட்ரீ எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் பூஞ்சையின் செல் சவ்வையே சிதைப்பவை. டெர்பினாஃபின் வேலை செய்யும் வழி வேறு, அதனால் அதற்குக் கேட்காத பூஞ்சை இவற்றுக்குக் கேட்கலாம் என்ற எண்ணம். ஆய்வகத் தட்டில் பூண்டுச் சாறுகூடப் பூஞ்சையைக் கொல்லும். ஆனால் தட்டில் நகம் கிடையாதே! பூஞ்சை குடியிருப்பது நகத்துக்கு அடியில். மேலே கெட்டியான கெரட்டின். எண்ணெய் அதைத் தாண்டி இறங்குவது சொற்பம். தோல் படைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம் பக்கத்துப் பழக்கம். நகத்தில் அதே இலை மேலோடு நின்றுவிடும்.

1994-ல் வெளியான ஓர் ஆய்வில் கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெயை நகத்தில் தினம் இருமுறை, ஆறு மாதம் தடவினார்கள். கல்ச்சரில் (ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பூஞ்சை போனது 18 சதவீதம் பேருக்கு. ஒப்பிட்ட க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைப் பூச்சு மருந்துக்கு 11 சதவீதம். இரண்டுமே பெருமைப்படும்படி இல்லை.

எனவே எண்ணெய் தடவியே தீருவேன் என்பவர்களிடம், முதலில் நகத்தைச் சுரண்டிக் கே.ஓ.ஹெச். பரிசோதனை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, நுண்ணோக்கியில் பூஞ்சை தேடுவது) செய்வோம் என்பேன். சிதைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சையே காரணமாக இருக்காது. சொரியாசிஸ், பழைய அடி என்று வேறு ஏதாவது இருக்கும். (மருதாணி வைத்துக்கொண்டு வராதீர்கள், நிறமே தெரியாது.) பூஞ்சைதான் என்றால் 40 சதவீத யூரியா களிம்பால் நகத்தை இளக்கி, தடிப்பை ராவிய பிறகு அமோரால்ஃபின் லாக்கர் (நகப்பூச்சுபோல் தடவும் பூஞ்சை மருந்து) போடலாம், எண்ணெயைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எரிச்சல், அரிப்பு வந்தால் அப்போதே நிறுத்திவிடுங்கள். திறந்து நாளான டீ ட்ரீ எண்ணெய்க்கு ஒவ்வாமை அதிகம்.

அப்புறம் பொறுமை வேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். முழுசாக மாற ஒன்றரை வருடம்கூட ஆகும். நல்ல நகமும் சொத்தையும் சேரும் இடத்தில் சின்னக் கோடு ஒன்று கீறிவிடுவேன். கோடு முன்னே நகர நகர, அதன் பின்னால் சுத்தமான நகம் வந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் இந்தப் பச்சிலை, எண்ணெய்ச் சோதனைகளில் இறங்கவே கூடாது, முக்கியமாகச் சேராங்கொட்டை. அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். உணர்ச்சி மரத்த காலில் புண் ஆழமாகும்வரை தெரியவே தெரியாது.