காதில் விழுந்த கோல்

சேலத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய கால்பந்துப் பித்தர்களிடம் 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஜூன் 22. மெக்சிகோவில் நண்பகல், இங்கே இரவு பதினொன்றரை மணி. தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி இருந்த காலம். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, பதினோரு முறை தொட்டு, ஏறக்குறைய பத்து விநாடியில் கோல்கீப்பர் ஷில்டனையும் ஏமாற்றி வலைக்குள் தள்ளியதை அடி பிசகாமல் சொல்வார்கள். சிலர் அதோடு நிறுத்த மாட்டார்கள். ‘பிரபஞ்சக் காற்றாடியே, எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்?’ என்று வர்ணனையாளர் கதறியழுததையும் அன்றிரவே கேட்டதாகச் சேர்த்துச் சொல்வார்கள்.

அங்கேதான் இடிக்கிறது. அந்தக் குரல் விக்டர் ஊகோ மொராலெஸ் உடையது. உருகுவேயில் பிறந்தவர், அன்று அர்ஜென்டினா வானொலி நேயர்களுக்காக ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். தூர்தர்ஷன் பார்த்த சேலத்துக் காதுகளுக்கு அது எட்டியிருக்க வழியே இல்லை. அதே கோலுக்கு பிபிசி டிவியில் பாரி டேவிஸ் ‘இது அற்புதம் என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்’ என்றார். பிபிசி வானொலியில் பிரையன் பட்லர், மரடோனா விலாங்கு மீனாகத் திரும்புவதாகச் சொன்னார். மொராலெஸின் குரலும் கோலின் படமும் ஒட்டப்பட்ட காணொளி நம் ஊருக்கு வந்தது எத்தனையோ காலம் கழித்து. ஆனாலும் இவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு குரல் காதில் நுழைந்து, பதிந்து, பிறகு பழைய நினைவுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கருவிகள். பழைய வர்ணனைகளுக்கென்று ஒரு தனி ஒலி உண்டு. பின்னணியில் லட்சம் பேர் இரைவார்கள். குரல் மட்டும் காதோரம் பேசுவதுபோல ஒட்டி நிற்கும். பிபிசி வர்ணனையாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய ‘லிப் மைக்’ செய்த வேலை அது. அதன் விளிம்பை மேலுதட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே காந்தப் புலத்தில் மெல்லிய உலோக நாடா ஒன்று தொங்கும். நாடாவின் முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருக்கும். இரு பக்கத்துக் காற்றழுத்த வேறுபாட்டுக்கு ஏற்பத்தான் அது அசையும். கூட்டத்தின் இரைச்சல் தொலைவிலிருந்து வருவதால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் அழுத்துகிறது. நாடா அதிகம் அசைவதில்லை. ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் வாயின் ஒலி முன்பக்கத்தில் பலமாகவும் பின்பக்கத்தில் வலுவிழந்தும் விழுகிறது. அந்த வேறுபாடு குரலாகப் பதிவாகிறது. இவ்வளவு அருகில் பேசினால் கீழ் அதிர்வெண்கள் மிகையாக உப்பிவிடும். அதைச் சரிக்கட்ட மைக்கிலேயே வடிகட்டி உண்டு. அந்த வடிகட்டி கூட்டத்தின் அடித்தொண்டை உறுமலையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

அடுத்தது, குரல் பயணம் செய்த கம்பி. வெளிநாட்டு மைதானங்களிலிருந்து வந்த அந்தக் கால வர்ணனை பெரும்பாலும் தொலைபேசித் தரத்தில்தான் வந்து சேர்ந்தது. அன்றைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. சாதாரணமாகப் பேசும் ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 முதல் 130 ஹெர்ட்ஸ். அதாவது குரலின் அடித்தளமே வழியில் தொலைந்துவிடுகிறது. ஆனாலும் போனில் அண்ணன் பேசினால் அண்ணன் குரலாகவே கேட்கிறது. 120 ஹெர்ட்ஸ் குரலோடு 240, 360, 480 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். மேலே மிஞ்சியிருக்கும் மடங்குகளின் இடைவெளியைக் கொண்டு மூளை இல்லாத அடிப்படையைக் கணக்கிட்டு நமக்குக் கேட்கச் செய்துவிடுகிறது.

இந்தக் குறுகிய வழி சாதாரணப் பேச்சைச் சப்பையாக்கும். கத்தலுக்கோ அது கதவைத் திறந்துவிடுகிறது. உற்சாகத்தில் நுரையீரல் காற்றை வேகமாகத் தள்ளுகிறது, குரல் நாண்கள் இழுபட்டு இறுகுகின்றன, அடிப்படை அதிர்வெண் இரண்டு மூன்று மடங்கு ஏறி 300ஐத் தாண்டுகிறது. கூடவே ஆற்றலும் மேல் மடங்குகளுக்கு, 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதிக்கு நகர்கிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான். ஆகவே மந்தமாக ஓடிக்கொண்டிருந்த வர்ணனை, கோல் நெருங்கியதும் கம்பியின் கொள்ளளவை முழுதாக நிரப்பிக்கொண்டு வெடித்தது. இன்றைய துல்லியமான ஒலியில் அமைதிக்கும் வெடிப்புக்கும் இடையே அவ்வளவு பெரிய தாவல் தெரிவதில்லை. பழைய ஒலியின் கரகரப்பு வெறும் குறை என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

இதே ஒலியைச் சேலத்துக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். கிராமத்துப் போட்டிகளில் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும் கீழ் அதிர்வெண்களை விழுங்கிவிடும். மைக் பிடித்தவர் ஆட்டக்காரரின் பேரை இழுத்துச் சொல்லும்போது மேல்பாதிக் குரல் மட்டும் வயல் தாண்டிப் போகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சிற்றலை வானொலி கேட்டவர்களுக்கு இன்னொரு அனுபவம். சிற்றலை தலைக்கு மேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே ஒலிபரப்பு இரண்டு மூன்று பாதைகளில் வந்து ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விளையாடுவதால் குரல் பெருகும், வடியும். பந்து பெனால்டி பகுதியை நெருங்கும் நேரம் பார்த்து குரல் தேய்ந்தால் கேட்பவர் என்ன செய்வார்? பெட்டியோடு காதை ஒட்டிக்கொள்வார். அந்தக் கவனக் குவிப்பே நினைவுக்கு உரம்.

வார்த்தை புரியாதவருக்கும் இது ஏன் வேலை செய்கிறது? சேலத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொராலெஸ் குரலுக்குச் சிலிர்க்காத கால்பந்து ரசிகரைத் தேடத்தான் வேண்டும். குரலின் ஏற்ற இறக்கம் மொழியைச் சாராமல் உணர்ச்சியைக் கடத்துகிறது. வடக்கு நமீபியாவின் ஹிம்பா மக்களுக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஒருவர் எழுப்பிய உணர்ச்சி ஒலிகளை மற்றவர் கேட்கும்படி செய்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிப்படை உணர்ச்சிகள் பலவற்றை இரு தரப்பும் சரியாக அடையாளம் கண்டன. அலறலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் உரப்பு விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை துடிக்கிறது; அதுதான் நாம் ‘கரடுமுரடு’ என்று உணர்வது. சாதாரணப் பேச்சு இந்த எல்லைக்குள் அவ்வளவாக வருவதில்லை. மூளையின் எச்சரிக்கை மணியான அமிக்டலாவை அந்தக் கரடுமுரடு தட்டி எழுப்புவதை 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொண்டை கிழியக் கத்தும் வர்ணனையாளர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார் என்றே நினைக்கிறேன்.

அமிக்டலா விழித்தால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பெருகி, அந்தக் கணத்தை ஆழமாகப் பதியும்படி, நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸைத் தூண்டுகின்றன. 1994இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா உள்ளிட்டோர் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு அந்த ஹார்மோனின் விளைவைத் தடுக்கும் மாத்திரை கொடுத்து உணர்ச்சிகரமான ஒரு கதையைச் சொன்னார்கள். கதையின் சாதாரணப் பகுதிகளை அவர்கள் மற்றவர்களைப் போலவே நினைவு வைத்திருந்தார்கள். நெஞ்சை உலுக்கும் பகுதி மட்டும் மற்றவர்களுக்குப் பதிந்த அளவு பதியவில்லை.

கோலுக்குப் பிந்திய அலறலைவிட எனக்கு வியப்பானது அதற்கு முந்திய விநாடிகள். பிபிசி வானொலியில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன் 1974 முதல் 2013 வரை கால்பந்து முடிவுகளை வாசித்தார். வெறும் அணிப் பெயர்களும் எண்களும். ஆனால் இரண்டாவது அணியின் பெயரை அவர் உச்சரிக்கும் தொனியிலேயே அது வென்றதா, தோற்றதா, சமன் செய்ததா என்று நேயர்கள் எண் வருவதற்குள் சொல்லிவிடுவார்கள். கோல் வர்ணனையும் அப்படித்தான். பந்து வலையைத் தொடுவதற்கு முன்பே குரல் ஏறத் தொடங்கிவிடுகிறது. குதிரைப் பந்தய வர்ணனைகளை அளந்த ஆய்வொன்றிலும் முடிவுக்கோடு நெருங்க நெருங்கச் சுருதி ஏறியது பதிவாகியிருக்கிறது. கேட்பவர் அந்த ஏணியில் கூடவே ஏறுகிறார்.

முடிவு தெரிந்த பழைய கோலை நூறாவது முறை கேட்டாலும் மயிர்க்கூச்செறிவது ஏன் என்பதற்கு இசை ஆய்வில் ஒரு துப்பு கிடைக்கிறது. தங்களுக்குப் பிடித்த, நன்றாகத் தெரிந்த இசையைக் கேட்டவர்களின் மூளையை மான்ட்ரியல் ஆய்வாளர்கள் படம்பிடித்து 2011இல் வெளியிட்டார்கள். உச்சக் கணத்தில் ஒரு பகுதியிலும், அதை எதிர்பார்த்திருந்த விநாடிகளில் வேறொரு பகுதியிலும் இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான டோபமைன் சுரந்தது. தெரிந்ததற்காகக் காத்திருப்பதே இன்பம். ‘ஹைலைட்ஸ்’ தொகுப்பு இதைச் சரியாகப் பயன்படுத்துகிறது: தொண்ணூறு நிமிடத்தின் சலிப்பை வெட்டியெறிந்து ஏறும் குரலை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதிலும் பழைய தொகுப்புகளில் பெரும்பாலும் மைதானத்தில் ஆட்டத்தோடு பதிவான குரலே இருந்தது. பேசுபவருக்கே முடிவு தெரியாது. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கையில், சிலர் மைதானத்துக்குள் புகுந்ததைப் பார்த்து, ‘முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்’ என்ற கென்னத் வோல்ஸ்டன்ஹோம், பந்து உள்ளே போனதும் ‘இப்போது முடிந்தது’ என்றார். அதை யாரும் எழுதிக்கொண்டு வந்திருக்க முடியாது.

‘அந்தக் காலத்து வர்ணனை போல இப்போது வருமா?’ என்ற புலம்பலில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம். ஏறக்குறைய பத்து வயது முதல் இருபத்தைந்து வரையிலான நினைவுகள்தான் மனிதர்களுக்குப் பிற்காலத்தில் மிகுதியாக மேலெழும். அந்த வயதில் கேட்ட குரல் எதுவானாலும் பொற்காலக் குரலாகிவிடும். தமிழில் கால்பந்தைவிடக் கிரிக்கெட்டில்தான் இது நிகழ்ந்தது. வானொலியில் அப்துல் ஜப்பாரின் நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள் அவர் பேச்சைத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். தவிர, அந்தக் காலத்தின் மோசமான வர்ணனைகளை யாரும் பாதுகாக்கவில்லை. மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது. பாரி டேவிஸ் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்கள். இன்று இரண்டு மூன்று பேர் இடைவிடாமல் பேசுகிறார்கள். மௌனம் இல்லாத இடத்தில் ஏற்றம் எங்கிருந்து வரும்?

இனி அந்த 1986 இரவு. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் திருத்தி எழுதப்படும் ஏடு. 1992 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. மோதிய கணத்தைப் படம்பிடித்த காட்சி எதுவும் கிடையாது. ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னர் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் காட்சியை டிவியில் பார்த்ததாகச் சொன்னார்கள். தீயையும் இடிபாட்டையும் பார்த்திருந்தார்கள், மற்றவர் சொல்லக் கேட்டிருந்தார்கள். இடைவெளியை மூளை நிரப்பிக்கொண்டது. மரடோனா ஓடிய படம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பிற்பாடு பொருத்தமான குரல் வந்தால் ஒட்டிக்கொள்ளத் தடையேது?

குரல் பழைய நினைவை மட்டும் மாற்றுவதில்லை. கண்ணெதிரே நடப்பதையும் மாற்றுகிறது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பனி ஹாக்கி ஆட்டத் துண்டுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். சாதாரணமாக நடந்த ஆட்டத்தை ‘மூர்க்கமான மோதல்’ என்று வர்ணனை சொன்னபோது, பார்த்தவர்களும் அதை உண்மையிலேயே மூர்க்கமாக நடந்த ஆட்டத்தைவிட மூர்க்கமானதாக மதிப்பிட்டார்கள். எந்த ஆட்டக்காரர் சோம்பேறி, எது அநியாயமான பெனால்டி என்று டீக்கடையில் நாம் அடித்துச் சொல்லும் தீர்ப்புகளில் எத்தனை நம்முடையவை? ஒலியை அணைத்துவிட்டு ஒரு முழு ஆட்டம் பார்த்தால் ஓரளவு தெரியும். பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் பந்தோடு ஓடும் சிறுவர்களைக் கவனித்தால், தாங்களே ஆடித் தாங்களே வர்ணிப்பவர்கள் சிலராவது இருப்பார்கள். மூச்சு வாங்க, பெயரை இழுத்து, கடைசியில் ‘கோ’வை நீட்டி. நீட்டுவதற்கு உயிரெழுத்து வேண்டும், சுருதி அதில்தான் ஏறும். பிரேசில் வானொலிக்காரர்கள் 1940களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். 2022 உலகக் கோப்பை இந்தியாவில் இணையவழியில் தமிழ் வர்ணனையோடும் வந்தது. அந்தச் சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு மெஸ்ஸியின் இறுதியாட்டம் தமிழில்தான் பதிந்திருக்கும், பிற்பாடு வேறு காணொளி எதுவும் அதன்மேல் ஏறி உட்காராத வரை.