நாலு திருட்டு கேஸ், நாலு தண்டனை: எப்போது ஒன்றாகக் கழியும்?

சின்னத் திருட்டு வழக்கில் பையன் புழல் சிறைக்குப் போய்விட்டால், வடசென்னையில் எந்த வீட்டிலும் முதலில் கேட்பது "ஜாமீன் எப்போ கிடைக்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவன் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எல்லா வழக்கிலும் தண்டனை விழுந்தால் அவை ஒன்றாகக் கழியுமா, ஒன்று முடிந்து ஒன்றாகக் கழியுமா?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் ஒரு படகு பேட்டரி, ராயபுரத்தில் ஒரு பழைய பைக், வியாசர்பாடியில் கொஞ்சம் செப்புக் கம்பி, திருவொற்றியூரில் ஒரு செல்போன். நாலு காவல் நிலையம், நாலு எஃப்.ஐ.ஆர். வழக்குகள் ஒரே நீதிமன்றத்துக்குப் போகாது. ஒன்று ஜார்ஜ் டவுனில் நடக்கும், இன்னொன்று எழும்பூரில் நடக்கும். ஒவ்வொன்றிலும் ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வருகிறது. ஒவ்வொரு நீதிபதியும் தன் முன்னால் இருக்கும் வழக்கை மட்டும் பார்த்து அளவாகத்தான் தண்டனை தந்திருப்பார். ஆனால் கூட்டிப் பார்த்தால் நாலு ஆண்டு.

எப்படிக் கூட்டுவது என்பதைச் சொல்வது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 467-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 427. ஏற்கெனவே ஒரு தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வழக்கில் தண்டனை விதிக்கப்பட்டால், முதல் தண்டனை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். இரண்டையும் 'ஏக காலத்தில்' அனுபவிக்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டால்தான் இது மாறும். அதாவது நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை என்றால் கைதிக்குப் பாதகமான கணக்குதான் ஓடும். சிறை நிர்வாகம் தண்டனை வாரன்ட்டில் உள்ளதை வைத்தே விடுதலைத் தேதியைப் போடும். அதில் 'ஏக காலம்' இல்லை என்றால், அவர்களாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டனை விழுந்தால் விஷயம் வேறு. அங்கே அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு வருகிறது. குற்றத்தின் தீவிரத்தைப் பார்த்து, தண்டனைகள் சேர்ந்து ஓட வேண்டுமா தனித்தனியாக ஓட வேண்டுமா என்று நீதிமன்றமே சொல்லியாக வேண்டும். மொத்தக் கணக்குக்கு உச்ச வரம்பும் அந்தப் பிரிவிலேயே உண்டு. நாலு வழக்கு நாலு கோர்ட்டில் தனித்தனியாக நடந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சட்டத்தில் இது பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மின்சாரப் பொருள்களைத் திருடியதாக ஒருவர் மேல் ஒன்பது வழக்குகள் இருந்தன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பதிலுக்குக் குறைந்த தண்டனை கேட்கும் 'பேரம் பேசும்' வழியில் போனார். ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஏக காலம் என்ற உத்தரவு இல்லாததால், சிறையில் அதை 18 ஆண்டு என்று கணக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போயும் பலனில்லை. கடைசியில் 2022 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சந்திரசூட், நரசிம்மா அமர்வு தலையிட்டு, ஒன்பது தண்டனைகளும் ஏக காலத்தில் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குள் அவர் சிறையில் மூன்று ஆண்டு கழித்துவிட்டார். கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவரே 14 ஆண்டு முடிந்த பிறகு முன்விடுதலை கேட்க முடிகிற நாட்டில், மின்சாரப் பொருள் திருட்டுக்கு 18 ஆண்டு!

சரி, கேட்டால் கட்டாயம் கிடைக்குமா? கிடைக்காது. இது உரிமை இல்லை, நீதிமன்றத்தின் விருப்புரிமை. ஒரே சம்பவத்தின் தொடர்ச்சியாக நடந்த குற்றங்கள் என்றால் ஏக காலம் சுலபமாகக் கிடைக்கும். தனித்தனிச் சம்பவங்கள் என்றால், தனித்தனியாக ஓடுவதுதான் பொது விதி என்று 2021-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பெரிய குற்றம். பேட்டரிக்கும் செல்போனுக்கும் வாதாடும்போது 2022 தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க நிறைய இடம் இருக்கிறது. கேட்காமல் விட்டால்தான் ஒன்றுமே இல்லை.

கேட்க வேண்டிய நேரம் எது? விசாரணை முடிந்து குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்பார். பெரும்பாலான ஆட்கள் அங்கே "வீட்டில் வயசான அம்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். அதையும் சொல்லலாம், தப்பில்லை. கூடவே, வேறு எந்தெந்த வழக்கில் எவ்வளவு தண்டனை ஓடுகிறது என்பதைத் தீர்ப்பு நகலோடு கொடுத்து, இதை அவற்றோடு ஏக காலத்தில் ஓட விடுங்கள் என்று வழக்கறிஞர் கேட்க வேண்டும். ஜார்ஜ் டவுன் நீதிபதிக்கு எழும்பூரில் நடந்தது தானாகத் தெரிந்துவிடாது. யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

'ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளியே வந்துடலாம்' என்ற பேச்சு புழலிலும் உண்டு, கோர்ட் வராந்தாவிலும் உண்டு. பல சமயம் அது உண்மைதான். உள்ளே இருந்த நாள்களையே தண்டனையாகப் போட்டு அன்றைக்கே விட்டுவிடுவதும் நடக்கும். ஆனால் நாலு வழக்கு இருப்பவர் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு போவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். பேரம் பேசி முடித்த வழக்கில் வழக்கமான மேல்முறையீடு கிடையாது. சாதாரணமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், தண்டனையின் அளவு பற்றியும் அது சட்டப்படி சரியா என்பது பற்றியும் மட்டுமே மேல்முறையீட்டில் பேச முடியும். இரண்டாவது, தண்டனை என்பது பதிவில் ஏறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடந்த திருட்டுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பொருந்தும். முதல் முறை என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு, அபராதத்தோடு முடிந்தாலும் முடியும். மறுபடி தண்டனை என்றால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், ஐந்து ஆண்டு வரை போகலாம். திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை மட்டுமே தண்டனை. பழைய செல்போனின் மதிப்பை எஃப்.ஐ.ஆரில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை அதனால் கட்டாயம் படித்துப் பாருங்கள்.

அடுத்தது உள்ளே இருந்த நாள்களின் கழிவு, வக்கீல்கள் 'செட் ஆஃப்' என்பார்கள். ரிமாண்டில் இருந்த நாள்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே வழக்கில் காவலில் இருந்த நாள்களுக்குத்தான் அது. பையன் ராயபுரம் வழக்கில் எட்டு மாதம் புழலில் இருக்கிறான், அவன் உள்ளே இருப்பது தெரிந்தும் வியாசர்பாடி வழக்கில் கைது காட்டவே இல்லை என்றால், அந்த எட்டு மாதம் வியாசர்பாடி கணக்கில் சேராது. வெளியே வரும் நேரம் பார்த்து அந்த வழக்கு எழுந்து நிற்கும். பி.டி. வாரன்ட் (உள்ளே இருப்பவரை வேறு வழக்குக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) போட்டு எல்லா வழக்கிலும் சீக்கிரமே கைது காட்டிவிட்டால், ஒரே நாள் எல்லா வழக்கிலும் காவல் நாளாக ஏறும். புதுசாக ஒரு கேஸ் சேர்கிறதே என்று குடும்பங்கள் பயப்படும் இடம் இது. நிலுவையில் இருக்கிற வழக்கு என்றால் அது சீக்கிரம் வருவது பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் மற்றதிலும் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

அபராதம் தனிக் கதை. கட்டாவிட்டால் கூடுதலாக மாதக் கணக்கில் சிறை என்று தீர்ப்பில் இருக்கும். அந்தச் சிறை ஏக காலத்தில் ஓடாது, உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொஞ்சம் கட்டினால் அதற்கேற்ப நாள் குறையும். அபராதம் கட்ட வழியில்லாத கைதிகளுக்கு மத்திய அரசு 2023-இல் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி 25,000 ரூபாய் வரை அபராதத்தை மாவட்ட அளவிலான குழு அனுமதித்துக் கட்டலாம். போதைப்பொருள், போக்சோ, ஊழல் போன்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. கைதியின் பெயர் அந்தக் குழுவுக்குப் போயிருக்கிறதா என்று மனு போட்டுப் பார்க்கப் போகும்போது சிறை நலஅலுவலரிடம் கேளுங்கள்.

தீர்ப்பெல்லாம் வந்தாகிவிட்டது, எதிலும் ஏக காலம் இல்லை, இப்போது என்ன செய்வது? மேல்முறையீட்டுக்கு நாள் இருந்தால், அதாவது தீர்ப்பிலிருந்து 30 நாளுக்குள், செஷன்ஸ் நீதிமன்றத்தில் கேட்கலாம். காலம் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்க மனு போட வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின் கீழ் மனு. பழைய சட்டத்தின் 482 இதுதான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றாலும் இதற்கு வழி உண்டு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். போகும்போது எல்லா வழக்கின் தீர்ப்பு நகல்களையும் கொண்டுபோங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு வழக்குக்கும் குற்ற எண், காவல் நிலையம், கைது காட்டிய தேதி, தீர்ப்புத் தேதி, தண்டனை, அபராதம் கட்டியாயிற்றா என்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது இந்தத் தேதிகளைத்தான்.