சென்னை விமானம் ரத்தானால் இழப்பீடு எவ்வளவு? தூரம் அல்ல, நேரம்தான் கணக்கு

தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 525 கிலோமீட்டர். சேலம் விமான நிலையத்திலிருந்து அதில் பாதி, 265 கிலோமீட்டர் போல. ஆனால் பயண நேரம் பாதியாகக் குறைவதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் இரண்டு விமானங்களுக்கும் பொது. மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் கூட சேலத்திலிருந்து வந்து நிற்க ஒரு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும்.

விமானம் ரத்தானால் எவ்வளவு இழப்பீடு என்பதற்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி இந்த நேரத்தைத்தான் பார்க்கிறது. இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். புறப்பட நகரத் தொடங்கியதிலிருந்து, தரையிறங்கி முழுதாக நிற்கும்வரை. டிக்கெட்டில் போட்டிருக்கும் இரண்டு நேரங்களின் இடைவெளி கிட்டத்தட்ட அதுவே.

ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் வரை 7,500. அதையும் தாண்டினால் 10,000. சரி, சேலம் விமானத்துக்குக் கால அட்டவணையில் பத்து நிமிடம் கூட்டிப் போட்டாலே 2,500 ரூபாய் கூடுமா? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விதியில் ஒரு நிபந்தனை உண்டு. இந்தத் தொகை, அல்லது நீங்கள் கட்டிய அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அவை இரண்டும் சேர்ந்து 2,800 ரூபாய் என்றால் இழப்பீடும் 2,800தான். முன்கூட்டியே மலிவாக டிக்கெட் எடுத்தவருக்கு அந்த 5,000, 7,500 எல்லாம் பெரும்பாலும் காகிதத்தில்தான். டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பது அல்லது மாற்று விமானம், இது வேறு கணக்கு. அதோடு இழப்பீட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புயல், வெள்ளம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் காரணம் போன்ற, நிறுவனத்தின் கைமீறிய விஷயங்களுக்கு இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, மாற்று விமானமோ பணமோ கொடுத்துவிட்டாலும் கிடையாது.

தாமதத்துக்கு ரொக்கம் இல்லை. நேரத்துக்குச் செக்-இன் செய்திருந்தால், இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணங்களில் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். தமிழ்நாட்டுக்குள் பறக்கும் விமானங்கள் எல்லாம் இதில் அடங்கும். கவுன்ட்டரில் தயங்காமல் கேளுங்கள், கேட்காமல் வருவது அபூர்வம்.

அப்புறம், டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். தொடர்பு விவரம் சரியாகத் தராதவருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்றும் விதியில் இருக்கிறது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால் ரத்துச் செய்தி அவர் போனுக்குப் போகும், நீங்கள் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். புகாரை முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம்.