நூறாவது பெயருக்கு இடமில்லை

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையாளர் தேடும்போது முதலில் ஒத்துப்போக வேண்டியது எச்எல்ஏ வகை. எச்எல்ஏ என்பவை நம் செல்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள்; உள்ளே உடைபட்ட புரதத் துணுக்குகளை ஏந்தி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அதைப் பார்த்துத்தான் டி செல்கள் தாக்குவதா, விடுவதா என்று முடிவு செய்கின்றன. இப்புரதங்களுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மரபணுவின் இத்தகைய வேறு வேறு வடிவங்களே மாற்றுருக்கள்; இதுவரை பதிவானவை 40,000-ஐத் தாண்டிவிட்டன.

சென்னையில் உள்ள தாத்ரி என்ற கொடையாளர் பதிவகத்தில் பெயர் கொடுத்த ஒருவர் வேறு கண்டத்து நோயாளிக்குப் பொருந்தலாம். ஆனால் இரு நாட்டு ஆய்வகங்களும் ஒரே மாற்றுருவை ஒரே பெயரால் எழுதினால்தான் கணினி அவர்களை இணைக்கும். 1960-களின் நடுவில் அப்படி ஒரு பெயர் கிடையாது. 1964-இல் அமெரிக்காவின் டர்ஹாமில் ஆய்வாளர்கள் கூடி, ஒரே செல்களை அவரவர் முறையில் சோதித்தபோது முடிவுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பெயரிடும் குழு 1968-இல் வந்தது.

இன்று ஒருவர் புதிய மாற்றுருவைக் கண்டால், அதன் டிஎன்ஏ வரிசையை முதலில் பொது மரபணு வங்கியில் சேர்க்க வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணோடு, மாற்றுருக்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் ஐபிடி-ஐஎம்ஜிடி/எச்எல்ஏ தரவுத்தளத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். 1998-இல் தொடங்கிய இது லண்டனின் ஆந்தனி நோலன் ஆய்வு நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். நீக்கப்பட்ட பெயர் வேறெதற்கும் தரப்படுவதில்லை. கண்டிப்பாகத் தோன்றினாலும், பழைய அறிக்கைகளைக் குழப்பமின்றி வாசிக்க இதுவே வழி.

ஏ*02:01 என்ற பெயரில் ‘ஏ’ மரபணு, 02 குழு, 01 குறிப்பிட்ட புரதம். புரதத்தை மாற்றாத வேறுபாடுகளுக்கு மேலும் இரண்டு பகுதிகள் உண்டு. கடைசியில் ‘என்’ என்ற எழுத்து வந்தால் அந்த மாற்றுரு புரதத்தை வெளிப்படுத்துவதில்லை. இந்த ஓர் எழுத்து விடுபட்டால், இல்லாத புரதத்தை இருப்பதாக எண்ணிக் கொடையாளரைத் தேர்ந்துவிட நேரும்.

முன்பு இந்த முக்காற்புள்ளி (:) இல்லை. குழுவுக்கு இரண்டு இலக்கம், புரதத்துக்கு இரண்டு இலக்கம், அவ்வளவுதான். ஒரு குழுவில் நூறு பெயர் சேராது என்று நினைத்தார்கள். ஏ*02 குழு 99-ஐத் தொட்டதும் ஏ*92 என்ற ஒட்டுக் குழு ஒன்றைத் தொடங்கிச் சமாளித்தார்கள்; பி*15-க்கு பி*95. கடைசியில் 2010-இல் முக்காற்புள்ளி வந்தது. ஏ*9201 என்பது ஏ*02:101 ஆயிற்று. உலகெங்கும் கொடையாளர் பதிவேடுகளும் மென்பொருள்களும் சேர்ந்து மாற வேண்டியிருந்தது.

இதைவிடச் சிக்கலானது வேறொன்று. பல ஆய்வகங்கள் நெடுங்காலம் மரபணு முழுவதையும் வாசிக்கவில்லை. துணுக்கை ஏந்தும் பள்ளத்துக்குரிய பகுதியை மட்டும் வாசித்து, அன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லின. அதே பகுதியில் ஒத்து, வேறிடத்தில் மாறுபடும் மாற்றுரு பிறகு பட்டியலில் சேர்ந்தால், பழைய முடிவு இரண்டில் எதைக் குறித்தது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, எந்தப் பதிப்போடு ஒப்பிட்டார்கள் என்ற குறிப்பு இல்லாத எச்எல்ஏ அறிக்கையை அரைகுறை அறிக்கை என்றே சொல்வேன். வாசித்த வரிசையையும் எந்தப் பகுதி வாசிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வைத்திருந்தால், புதிய பதிப்பு வரும்போது மென்பொருளே மறுபடி ஒப்பிட்டுவிடும். கொடையாளரிடம் மீண்டும் இரத்தம் கேட்கும் தேவை குறையும்.