திறன்மிகு நகரம்: சொல்லும் பொருளும்

'ஸ்மார்ட் சிட்டி' என்னும் தொடருக்குத் தமிழில் 'சீர்மிகு நகரம்', 'பொலிவுறு நகரம்', 'திறன்மிகு நகரம்' என்னும் வழக்குகள் உள்ளன. இவற்றுள் முதல் இரண்டும், இந்திய அரசு 2015 இல் 100 நகரங்களுக்கென அறிவித்த திட்டத்தையொட்டித் தமிழ்நாட்டில் பரவியவை.

'ஸ்மார்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் சுருக்கெனத் தைக்கும் வலியைக் குறித்தது. விரைவு, மதிநுட்பம், மிடுக்கான தோற்றம் ஆகிய பொருள்கள் பின்னர் கிளைத்தன. 1970களில் இலக்கை நோக்கி வழிப்படுத்தப்படும் குண்டுகளுக்கு அது அடைமொழியானது. சூழலை அறிந்து அதற்கேற்பச் செயற்படும் பொறி என்ற பொருள் இவ்வாறே ஊன்றியது. சீரும் பொலிவும் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தையே சுட்டுகின்றன. அறிந்து செயற்படும் ஆற்றலைச் சொல்வது 'திறன்'. 'ஸ்மார்ட்போன்' என்பதற்குத் 'திறன்பேசி' ஏற்கெனவே நிலைத்துவிட்டமையால் 'திறன்மிகு நகரம்' என்பதே தகுந்த சொல்லாக்கம்.

'சிட்டி' என்பதன் மூலமான இலத்தீன் சொல் கட்டடங்களைக் குறிக்கவில்லை. குடிமக்கள் கூட்டத்தையும் குடியுரிமையையுமே குறித்தது. கட்டடங்கள் நிறைந்த ஊருக்கு இலத்தீனில் வேறு சொல் இருந்தது. நம் 'நகரம்' என்பதும் சோழர் கல்வெட்டுகளில் வணிகர் கூடி ஊரை நிருவகித்த அவையைக் குறிக்கிறது. ஆகவே, திறன் யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கான விடை இச்சொற்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இலங்கையின் கொழும்பை எடுத்துக்கொள்வோம். களனி கங்கை என்னும் ஆற்றின் நீர்மட்டம் அங்கே நாகலகம் வீதியில் அளக்கப்படுகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் மூழ்கிய, கொழும்பை அடுத்த கொலன்னாவையில் வாழும் குடும்பமொன்றுக்கு அந்த அளவு மட்டும் போதாது. எந்த ஒழுங்கைக்குள் எப்போது நீர் ஏறும், முதியவர்களையும் பிள்ளைகளையும் எந்தப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வது என்பவை, இருட்டுவதற்கு முன்பே, அவர்கள் வாசிக்கும் மொழியில் குறுஞ்செய்தியாக வந்து சேர வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருப்பதால் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. அளவீட்டிலிருந்து அறிவித்தல் வரையிலான இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், எத்தனை உணரிகள் (சென்சர்கள்) பொருத்தப்பட்டிருப்பினும் அந்நகரத்தைத் திறன்மிகு நகரம் என அழைப்பது பிழை.

கருவிகள்தான் திறன் என்று கொள்வதும் பொருந்தாது. 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. மழைநீரைத் தாங்கி மெல்ல வடியவிடும் அச்சதுப்பு நிலங்களை நிரப்பிவிட்டுக் கண்காணிப்புக் கமெராக்களைப் பெருக்குவதை எவரும் திறன் எனச் சொல்லக் கூடாது.

கொழும்பின் 'துறைமுக நகரம்' என்பதைத் 'திறன்மிகு நகரம்' என்பதற்கு மாற்றாக எழுதலாகாது. அது கடலை நிரப்பிப் பெற்ற 269 ஹெக்டெயர் நிலப்பரப்பின் பெயர். 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது ஒரு விசேட பொருளாதார வலயம். 'திறன்மிகு' என்பதோ இடப்பெயரன்று, பண்பைச் சுட்டும் அடைமொழி. கொழும்பின் பிற பகுதிகளான புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் அதே அளவுகோலோடு பொருந்துவது.