மிச்சம் பிடித்த காசு ஊரில் எங்கே இருக்கிறது?

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு நான் வகுப்பெடுக்கப் போவதில்லை. அவர்கள்தான் எனக்கு எடுக்க வேண்டும். குடும்ப வரவு செலவு ஆலோசகராக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்காரும்போது பார்க்கிறேன். விடியுமுன் விடுதிக்கு வந்து இறங்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தையே மதியத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். வெளியே ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடிப்பதென்றால்கூட யோசிக்கிறார்கள். முடிவெட்ட அறைத்தோழன் போதும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போனால் கத்திரிக்காய் என்ன விலைக்கு இறங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியபோது சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அரசாங்கப் பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது கிடையாது. ஏறியதை அவர் வயிற்றைக் கட்டித்தான் சமாளித்தார்.

இவ்வளவு கச்சிதமாக எழுதும் கணக்கு நோட்டில் ஒரு பத்தி மட்டும் இருப்பதில்லை. மிச்சம் பிடித்த காசு இப்போது என்ன உருவத்தில், யார் வீட்டில், எந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது? கேட்டால் "ஊர்ல இருக்குக்கா" என்பார்கள். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முதுகுளத்தூர், ஜெயங்கொண்டம் என்று எந்தப் பக்கத்து ஊராக இருந்தாலும் இங்கே சேர்த்த வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அங்கே போய் அநேகமாக மூன்றில் ஒன்றாகத்தான் மாறுகிறது: பீரோவில் நகை, வயலில் மோட்டார், கொட்டகையில் ஆடு. திருடனுக்கும் இந்த மூன்றும்தான் பிடிக்கும். ஊரில் மழை பொய்த்து, வேலை குறைந்து, கடன் நெருக்கும் காலத்தில் இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கப்பல் பட்டறையில் வேலை. ஊரில் அம்மா மட்டும். பக்கத்து ஊரில் ஒரு துக்கத்துக்குக் காலையில் போன அம்மா, பொழுது சாயத் திரும்பி வந்து பார்த்தால் கொல்லைக் கதவு நெம்பிக் கிடக்கிறது. பீரோவை உடைக்கவே இல்லை. சாவி பீரோவுக்கு மேலேயே, பழைய சேலைக்கு அடியில் இருந்தது. தங்கைக்கென்று எடுத்து வைத்த பதினொரு பவுன் போய்விட்டது. என்னிடம் வந்தபோது அவர் நகையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"அக்கா, போனது போவுது, இன்னும் ரெண்டு வருசம் சேத்து ஓட்டிருவேன். அம்மா அந்த வீட்ல படுக்க மாட்டேங்குது. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுத் தாழ்ப்பாளத் தொட்டுப் பாக்குதாம்."

அந்த இரண்டு வருடம் என்பது எத்தனை பொட்டலச் சாப்பாடு, எத்தனை ஓவர்டைம் என்று அவருக்குத் தெரியும். திருட்டையும் செலவுக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சிங்கப்பூர் நம்மைக் கொஞ்சம் கெடுத்தும் வைத்திருக்கிறது. உணவங்காடியில் மேசை பிடிக்க ஒரு டிஷ்யூ பொட்டலத்தை, சிலர் கைப்பேசியையே வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கிற ஊர் இது. குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று பொருளல்ல என்று இங்குள்ள காவல்துறையே சுவரொட்டி ஒட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த அசட்டை நம்மோடு ஊர்வரைக்கும் போய்விடுகிறது. சிராங்கூன் ரோட்டுத் திடலில் உட்கார்ந்து வாட்ஸ்அப் வீடியோவில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, "அம்மா, அந்தக் காச பீரோ மேல் தட்டுல வையி, நாளைக்கு மாமா வந்து வாங்கிக்குவாரு" என்று கத்துகிறார்கள். இந்தப் பக்கம் கேட்பவர்களால் ஆபத்தில்லை. அந்தப் பக்கம் அம்மாவும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறார், அதுவும் திண்ணையில். தெரு முழுக்கக் கேட்கிறது. காசு, நகை, ஊருக்குப் போகும் தேதி, வீடு பூட்டியிருக்கப் போகும் நாள் ஆகியவற்றை ஸ்பீக்கரில் பேசக்கூடாது என்பதை வீட்டில் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத காவல் இது. குடும்பத்தோடு குற்றாலம் போன படத்தைத் திரும்பி வந்த பிறகு போட்டாலும் அருவி அதே அருவிதான்.

அடுத்தது உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் ஊருக்குப் பணம் அனுப்புவது. வங்கியைவிட நாலு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள், வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள் என்று இன்னமும் அதில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் அப்படிப் பணம் அனுப்பும் தொழிலை நடத்துவது இங்கே குற்றம். இந்தியாவிலும் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். சட்டத்தை விடுங்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: முன்பின் தெரியாத ஒருவர் மாதாமாதம் உங்கள் வீட்டு வாசலுக்கு ரொக்கத்தோடு வருகிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள், அம்மா அதை எந்த அறைக்குக் கொண்டுபோகிறார் என்பதை அவர் பார்க்கிறார், எதிர்வீடும் பார்க்கிறது. 2023 பிப்ரவரியில் இங்குள்ள கைப்பேசிப் பணப்பரிமாற்ற வசதியான பேநவ், இந்தியாவின் யுபிஐயோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதில் சேர்ந்திருக்கும் வங்கிகளில் கணக்கிருந்தால் கைப்பேசியிலேயே அனுப்பலாம். இல்லையென்றால் உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைகள் தேக்காவைச் சுற்றி எத்தனையோ. வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு மேல் ரொக்கம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

நகைக்கு வருவோம். ஒரு பவுன் 2025 செப்டம்பரில் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டிய பிறகும், நகையை அரிசிப் பானையிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் வைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். வங்கிப் பெட்டகத்துக்கு வருட வாடகை சில ஆயிரம் ரூபாய் என்றதும், "சும்மா கிடக்கிற நகைக்கு எதுக்குக்கா வாடகை" என்பார்கள். அதே ஆள் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்துவிட்டு, "அங்கே பத்திரமா இருக்கும்" என்று நிம்மதியாக இருப்பார். 2021இல் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்ததிலிருந்து, கிடக்கட்டும், மறுபடியும் ஒரு தள்ளுபடி வரும் என்ற நப்பாசையும் சேர்ந்துகொண்டது. பணத்தேவை இருந்து வாங்கினால் கடன். பாதுகாப்புக்காக வட்டி கட்டினால் அது பெட்டக வாடகையைவிடப் பல மடங்கு செலவு.

பெட்டகம் எடுத்தவர்களும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. அதற்குக் காப்புறுதியும் வங்கி எடுப்பதில்லை. 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப்போல நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம். எண்பதாயிரம் விலைக்கே அது இரண்டரைப் பவுன்தான். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. மூன்று வருடம் தொடர்ந்து வாடகை கட்டாவிட்டால் பெட்டகத்தை உடைத்துத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு. வாடகை ஒழுங்காகக் கட்டினாலும் ஏழு வருடம் யாரும் வந்து திறக்காமலே கிடந்து, பெட்டகம் எடுத்தவரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அப்போதும் உண்டு. எனவே பெட்டகத்தை அம்மா, மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எடுங்கள், வாரிசு நியமனம் போடுங்கள், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தொலைந்திருந்தால் கல்யாண ஆல்பம் இருக்கிறதே, நகை போட்டுக்கொண்டு நிற்கும் படமும் அடையாளம் காட்ட உதவும்.

வயல் பக்கம் நடப்பது வேறு மாதிரித் திருட்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஒயரை ராத்திரியில் அறுத்துப் போய், ரப்பரை எரித்துவிட்டுச் செம்பை மட்டும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். திருடியவனுக்குக் கிடைப்பது சொற்பம். உங்களுக்கு ஒயர், மாற்றும் கூலி, தண்ணீர் பாயாமல் வாடிய நாற்று என்று நஷ்டம் பல மடங்காகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணறு வரைக்கும் ஒயரைக் குழாய்க்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டால் அறுப்பது சுலபமில்லை. மோட்டாரின் மீது பெயரையும் ஊரையும் வெட்டி எழுதச் சொல்லுங்கள். அதன் வரிசை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். எண் சொல்லத் தெரியாத மோட்டாரைப் பிடித்தாலும் அது உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

ஆடு இன்னும் சிக்கல். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து நடுவில் ஆட்டை வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆடி மாதமும் தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கும்போது, திருடியதை உடனே விற்றுவிடலாம் என்பதால் ஆட்டுத் திருட்டு கூடும்; அதனால் கொட்டகையை வீட்டுச் சுவரோடு ஒட்டி மாற்றிக்கொள்வது நல்லது. கால்நடைக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் இறப்புக்கானது, திருட்டு அதில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒன்றை மட்டும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: விரட்டிக்கொண்டு ஓடவேண்டாம். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடியவர்களை விரட்டிச் சென்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடையில் இருந்தவருக்கே அந்தக் கதி. வண்டி எண்ணைப் பார்க்க முடிந்தால் பார்க்கட்டும், 100க்கோ 112க்கோ அடிக்கட்டும்.

கஷ்ட காலம் வந்தால் எதை முதலில் வெட்டுகிறோம் என்பதில்தான் எனக்கும் வருகிறவர்களுக்கும் சண்டை. பெட்டக வாடகை, வாசல் விளக்கின் கரண்ட் செலவு, அம்மாவின் கைப்பேசி ரீசார்ஜ், ராத்திரி துணைக்குப் படுக்க வரும் சித்திக்குக் கொடுக்கிற ஐந்நூறு ரூபாய். பார்த்தால் எல்லாமே வெட்டக்கூடியவைபோலத் தெரியும். இங்கே ஒரு சட்டை குறையட்டும், கிரிக்கெட் பார்க்கும் சந்தா நிற்கட்டும். அந்த ஐந்நூறு நிற்கக்கூடாது. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆள் துணையைவிட நல்ல பூட்டு எந்தக் கடையிலும் இல்லை. ஆடு மேய்க்கப் போகும்போது கழுத்தில் தாலிச் சங்கிலியோடு போகும் அம்மாக்களிடம் இதைப் பேசுவது கஷ்டம். மஞ்சள் கயிற்றுக்கு மாற அவர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. மகன் சொல்வதைவிட மருமகள் பக்குவமாகச் சொன்னால் நடக்கிறது என்பது நான் பார்த்தது.

பூர்வீக வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு இங்கேயே குடியேறிவிட்டவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மதிப்புள்ள எதையும் வைக்காதீர்கள், பித்தளை அண்டாவைக்கூட. வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்க ஆள் போட்டு, வீடு பூட்டியிருப்பதை உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

திருட்டு இந்தப் பக்கமும் இருக்கிறது. அது கதவை நெம்பாமல் கைப்பேசி வழியாக வருகிறது. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. சேமிப்பை இணையவழி எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி 2023 முதல் இங்குள்ள பெரிய வங்கிகளில் இருக்கிறது, எப்படிச் செய்வது என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் மேல் ஊரில் திருட்டு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போன் வந்ததும் பலரும் முதலில் தேடுவது விமான டிக்கெட்டைத்தான். அவசரத்தில் எடுக்கும் டிக்கெட்டும், சம்பளமில்லாத விடுப்பும் சேர்ந்து இன்னொரு திருட்டுப் போன மாதிரி ஆகிவிடும். புகார் கொடுக்க நீங்கள் போக வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவரே கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி மின்னணு வழியிலும் தகவல் தரலாம். தந்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் அது பதிவாகும். போலீஸ் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாமல், கூட்டிப் பெருக்காமல் இருக்கச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் அழுதுகொண்டே வீட்டைக் கழுவி விட்டுவிடுவார்கள். நகைப் படங்களையும் ரசீதையும் இங்கிருந்தே அனுப்புங்கள். போனது பதினொரு பவுன் என்றால் பதினொன்று என்றே எழுதச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் பாதியாவது கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பின்னால் நீதிமன்றத்தில் அதுவே காலை வாரும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர் ரசீதோடு நின்றுவிடாமல், எஃப்.ஐ.ஆர் எனும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். புகார் தந்தவருக்கு அதை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

இத்தனையும் ஆன பிறகு, அம்மாவால் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை என்றால், அப்போது டிக்கெட் எடுங்கள்.