‘மேஜிக் ஆங்கிள்’: மந்திரமா, மாயமா?

செல்லைப் போர்த்தும் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்களைத் திண்மநிலை என்.எம்.ஆர். முறையில் ஆராய்கிறவர்கள் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே ‘மேஜிக் ஆங்கிள் ஸ்பின்னிங்’ என்ற தொடர் வந்துவிடும். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் கைக்கு வருகின்றன: மந்திரக் கோணம், மாயக் கோணம். இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் விஷயம். என்.எம்.ஆர். என்பது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. (இந்த ‘ஒத்ததிர்வு’ தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலின் சொல். வேதியியல் நூலில் அதுவே உடனிசைவு, இலங்கையில் பரிவு. மூன்றும் நல்ல சொற்கள்தான்.) வலுவான காந்தத்துக்குள் வைத்த அணுக்கரு, தன் சுற்றுப்புறத்துக்கு ஏற்ற ஒரு ரேடியோ அதிர்வெண்ணில் பதில் கொடுக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து அணுக்கருக்களும் குட்டிக் காந்தங்கள்; ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பு, இரண்டையும் சேர்க்கும் கோடு பெரிய காந்தப்புலத்தோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கரைசலில் மூலக்கூறு உருண்டு புரள்வதால் எல்லாம் சராசரியாகி, அணுக்கருக்களின் பதில்கள் வரைபடத்தில் ஊசி மாதிரி கூரான கோடுகளாகக் கிடைக்கும். கொழுப்புப் படலத்தில் பதிந்து கிடக்கும் சவ்வுப் புரதம் அப்படிப் புரளாது. கோடுகள் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே மேடாகிவிடும்.

மூலக்கூறு புரளாவிட்டால் என்ன, நாமே சுழற்றுவோம் என்று 1958இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் ரேமண்ட் ஆண்ட்ரூவும் கூட்டாளிகளும் செய்து பார்த்தார்கள். சுழற்றியது ஒரு உப்புப் படிகம். சாதாரண சோடியம் குளோரைடு. அமெரிக்காவில் லோவ் என்ற இயற்பியலாளர் தனியாக இதே வழிக்கு வந்து 1959இல் வெளியிட்டார். 1960இல் பீசா நகர மாநாட்டில் ஆண்ட்ரூ இதை விளக்கியபோது, டச்சு இயற்பியலாளர் கோர்ட்டர் ‘இது மேஜிக்’ என்றாராம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோணம் 54.74 டிகிரி. ஒரு லூடோ பகடையை எடுத்து, ஒரு முனை மேசையில் ஊன்ற, நேர் எதிர்முனை உச்சியில் நிற்கும்படி பிடியுங்கள். கீழ்முனையிலிருந்து மூன்று விளிம்புகள் மேலே கிளம்பும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் சாய்ந்திருப்பது சரியாக இதே அளவு. இப்போது காந்தப்புலத்திலிருந்து இந்த அளவு சாய்ந்த அச்சில் மாதிரியை வேகமாகச் சுழற்றினால், எந்தப் பக்கம் பார்த்து நின்ற அணுக்கரு இணையும் சராசரியில் அந்த அச்சின் திசையில் நிற்பதுபோல் ஆகிவிடும். அந்தத் திசையில் இழுப்பு பூச்சியம்.

அதாவது, மாயமாகிவிடுகிறது! ‘மீனவர் மாயம்’ என்று நாளிதழ் தலைப்பு வந்தால் நாம் வித்தை என்றா படிக்கிறோம்? காணவில்லை என்றுதான் படிக்கிறோம். மாய்தல் என்ற வினைக்கும் மறைதல், இல்லாமற்போதல் என்று பொருள் உண்டு. ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பாரசீகப் பூசாரிகளைக் குறித்த சொல்லில் இருக்கிறது. அந்த வகையில் ‘மந்திரம்’ மூலத்துக்கு நெருக்கம். ஆனால் இங்கே யாரும் எதையும் ஓதவில்லை. ஒன்று மறைகிறது. ‘மாயக் கோணம்’ ஆங்கிலத்தில் இல்லாத விளக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

அப்புறம் ‘ஸ்பின்னிங்’. சுழற்சி என்று எழுதுவதைவிடச் சுழற்றல் நல்லது. அணுக்கருவுக்கே தற்சுழற்சி என்றொரு பண்பு இருப்பதால் குழப்பம் வரும். தவிர, இது தானாகச் சுழல்வதல்ல, நாம் சுழற்றுவது. சிர்க்கோனியா பீங்கானில் செய்த சிறு குழலில், சவ்வோடு சேர்ந்த புரதத்தை ஈரப் பசையாகத் திணித்து மூடி, காற்றைப் பீய்ச்சிச் சுழற்றுகிறார்கள். 3.2 மில்லிமீட்டர் குழல் நொடிக்கு 20,000 சுற்று சாதாரணமாகச் சுற்றும். 0.7 மில்லிமீட்டர் குழல் 1,10,000 சுற்றைத் தொடும். பெயரில் ‘திண்மநிலை’ இருந்தாலும் உள்ளே கல்லோ பொடியோ இருக்கவேண்டியதில்லை. புரளாமல் இருப்பதுதான் இங்கே திண்மம்.

மறைத்ததைத் திரும்ப வரவழைப்பதும் இந்தத் துறையின் கைவேலை. சுழற்றலுக்கு ஒத்திசைந்து ரேடியோத் துடிப்புகளைக் கொடுத்தால், வேண்டிய இரண்டு அணுக்கருக்களுக்கு இடையிலான இழுப்பு மட்டும் மீண்டு வரும். அதன் வலுவிலிருந்து தூரத்தை அளக்கலாம். இன்ஃபுளுவென்சா ஏ வைரசின் எம்2 புரதத்தில் இது பெரிய வழக்கொன்றைத் தீர்க்க உதவியது. நான்கு எம்2 சேர்ந்து சவ்வில் புரோட்டான் செல்லும் வாய்க்காலாகின்றன. அதை அடைக்கும் மருந்து அமாண்டடின். அது எங்கே உட்காருகிறது? 2008இல் எக்ஸ்-ரே படிக ஆய்வு வாய்க்காலுக்குள் என்றது. அதன் நெருங்கிய உறவான ரிமாண்டடினை வைத்து, சோப்பு போன்ற கரைசலில் செய்த என்.எம்.ஆர். ஆய்வு வெளிப்புறத்தில் என்றது. வேதியியலாளர் மே ஹாங்கின் குழு மருந்தில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனையும் புரதத்தில் கார்பன்-13ஐயும் வைத்து, கொழுப்புப் படலத்திலேயே தூரத்தை அளந்து 2010இல் வெளியிட்டது. மருந்து வாய்க்காலுக்குள் இறுகப் பிடித்து உட்காருகிறது. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால்தான் வெளிப்புறத்திலும் ஒட்டுகிறது.